பெற்ற மனமும் பரம்பரையலகும்: ‘மிமி’ திரைப்படத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

லக்ஷ்மன் உடேகர் இயக்கிய ‘மிமி’ என்ற ஹிந்தித் திரைப்படம் 2021 ஜூலையில் இணையத் திரைத்தளங்களில் வெளியானது. இதில் நடித்தமைக்காகக் கிருத்தி சனோன் சிறந்த நடிகைக்கான இந்திய தேசிய விருதை ஆலியா பட்டுடன் பகிர்ந்துகொண்டார். பங்கஜ் திரிபாதிக்குச் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது. இசை ஏ.ஆர். ரஹ்மான். நம்மவர்களில் பலரும் இப்படத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பார்கள். முற்பாதியில் சிரித்து, பிற்பாதியில் கண்கலங்கி, அத்தோடு மறந்தும் போயிருப்பார்கள். மறக்கக் கூடாத ஒரு கேள்வி இப்படத்துக்குள் கிடக்கிறது. பிள்ளைக்கும் தாய்க்குமிடையிலான உடற்தொடர்பு என்பது எது, வித்தைக் கொடுத்ததா, வயிற்றில் சுமந்ததா என்பதே அது. படம் இக்கேள்வியை மிகத் துணிச்சலாகக் கையிலெடுக்கிறது. பின்னர் பாதிவழியில் அதைக் கைவிட்டுவிடுகிறது. எப்படிக் கைவிடுகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013ஆம் ஆண்டு, இராஜஸ்தான். ஜோன், சம்மர் என்ற அமெரிக்கத் தம்பதியர் தமது பிள்ளையைச் சுமக்க ஒரு வாடகைத் தாயைத் தேடி வருகின்றனர். அவர்களது வாகனச் சாரதி பானு, மிமி என்ற நடனப் பெண்ணை அறிமுகப்படுத்துகிறான். மும்பைக்குப் போய் நடிகையாக வேண்டுமென்பது மிமியின் கனவு. அதற்குப் பணம் வேண்டும். இருபது இலட்சம் ரூபாவுக்கு உடன்படுகிறாள். கர்ப்ப காலத்தின் நடுவே, பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம் எனப் பரிசோதனை சொல்கிறது. கருவை அழித்துவிடும்படி சொல்லிவிட்டுத் தம்பதியர் நாடு திரும்புகின்றனர். மிமி மறுத்துப் பிள்ளையைப் பெறுகிறாள். பிறந்த ஆண் பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை. நான்கு ஆண்டுகளின் பின்னர் அமெரிக்கர்கள் திரும்பி வந்து பிள்ளையைக் கேட்கிறார்கள். இறுதியில் அநாதை இல்லமொன்றிலிருந்து ஒரு பெண் பிள்ளையைத் தத்தெடுத்துக்கொண்டு, ராஜ் என்ற அச்சிறுவனை மிமியிடமே விட்டுச் செல்கின்றனர்.

இது புதிய கதையல்ல. சம்ருத்தி போரே 2011இல் திரையிட்ட ‘மலா ஆயி வ்ஹாயச்சி’ என்ற மராத்தியப் படத்தின் மறுவாக்கமே இது. மராத்திய மூலத்தின் நாயகி வறுமைப்பட்ட கிராமத்துப் பெண். ஹிந்தியில் அவள் சினிமாக் கனவு காணும் நடனக்காரியாக மாற்றப்பட்டிருக்கிறாள். இம்மாற்றத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. கருப்பையை வாடகைக்கு விடும் பெண்ணை அந்த இடத்துக்குத் தள்ளுவது பெரும்பாலும் கடனும் பசியுமே. அக்காலத்தில் குஜராத்தின் ஆனந்த் நகரம் இத்தொழிலுக்கு உலகப் பெயர் பெற்றிருந்தது. அங்கு பிள்ளை சுமந்த பெண்கள் வீடு கட்டவும், தம் பிள்ளைகளைப் படிப்பிக்கவும், கடன் அடைக்கவுமே வந்தார்கள். பசியின் இடத்தில் ஆசையை வைத்ததும் கதை இலேசாகிவிடுகிறது. பார்வையாளர் குற்ற உணர்வின்றிச் சிரிக்கலாம்.

இனி, கதையின் திருப்புமுனையாகிய அந்தப் பரிசோதனைக்கு வருவோம். இவ்விடத்தில் பத்தாம், பதினோராம் தர விஞ்ஞானப் பாடத்தைச் சற்று நினைவுகூர்வது பொருந்தும். மனிதக் கலமொன்றில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. 23 முட்டையிலிருந்தும் 23 விந்திலிருந்தும் வருகின்றன. வாடகைத் தாயின் கருப்பையில் வைக்கப்படும் முளையத்துக்கு அவளிடமிருந்து ஒரு நிறமூர்த்தமேனும் கிடைப்பதில்லை. தாய்வழியாக மாத்திரம் கடத்தப்படும் இழைமணியின் 37 பரம்பரையலகுகளும் முட்டைக்குரியவளிடமிருந்தே வருகின்றன. மிமியின் பங்கு பரம்பரையலகுக் கணக்கில் பூச்சியம்.

டவுன் சிண்ட்ரோம் என்பது 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதால் ஏற்படுவது. மேலதிகமான அந்த ஒன்று பெரும்பாலும் முட்டை உருவாகும்போது நிகழும் பிரிவுப் பிழையினால் வருகிறது. சிறுபான்மையாக விந்திலிருந்தும் வரலாம். முட்டைக்குரிய பெண்ணின் வயது ஏற ஏற இதன் சாத்தியமும் ஏறுகிறது. 25 வயதில் ஏறத்தாழ 1,200 பிறப்புகளுக்கு ஒன்றாக இருப்பது 40 வயதில் 100க்கு ஒன்று என்ற அளவுக்கு வருகிறது. சுமப்பவளின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது அக்காட்சியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஜோனும் சம்மரும் கடல் கடந்து வந்தது எதற்காக? தத்தெடுப்பு அவர்களுக்குப் போதவில்லை. தமது சொந்த நிறமூர்த்தங்கள் ஒரு பிள்ளையில் தொடரவேண்டும் என்பதற்காகவே வந்தார்கள். அவர்கள் பயந்து ஓடியதும் தமது நிறமூர்த்தத்தைக் கண்டுதான். மிமியின் வயிற்றில் ஏதேனும் கூடுதலாக இருந்திருந்தால் அது அவர்களிடமிருந்து வந்த ஒன்றே. எந்தத் தொடர்பை விலைகொடுத்து வாங்கினார்களோ, அந்தத் தொடர்பே அவர்கள் எதிர்பார்த்தபடி அமையாதபோது அவர்களுக்கு வேண்டாததாகிறது. அப்பிள்ளையோடு ஒரு பரம்பரையலகும் பகிராத மிமி மாத்திரம் இருந்த இடத்தில் இருக்கிறாள். உண்மையிலேயே வலுவான ஒரு நாடகத் தருணம் இது. கிருத்தி சனோன் இவ்விடத்தில் மிகை இல்லாமல் நடித்திருக்கிறார். ஆனால் திரைக்கதை இந்த முரணைத் தொடவே இல்லை. ஓடிப்போனவர்களை இரக்கமற்றவர்களாகக் காட்டுவதோடு அது திருப்தியடைந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை அடுத்து வருகிறது. பிள்ளை குறையின்றிப் பிறக்கிறது. பரிசோதனை சொன்னது பிழை. இதன் மூலம் படம் தன்னுடைய கேள்வியிலிருந்து தானே தப்பித்துக்கொள்கிறது. மிமி எடுத்த முடிவின் கனம், பிள்ளை எப்படியிருந்தாலும் நான் பெறுவேன் என்பதில் இருந்தது. பிறந்த பிள்ளை ஆரோக்கியமாக, அழகாக, ஊரே தூக்கிக் கொஞ்சும்படி இருந்ததும் அந்த முடிவு அதிர்ஷ்டச் சீட்டாக மாறிவிடுகிறது. ஆரோக்கியமான பிள்ளையைப் பரிசாகக் கொடுத்து அவளது தீர்மானத்தைச் சரியென்று காட்ட வேண்டிய தேவை படைப்பாளிக்கு ஏன் வந்தது? ராஜ் அந்த மேலதிக நிறமூர்த்தத்தோடு பிறந்திருந்தால் அமெரிக்கர்கள் திரும்பி வந்திருப்பார்களா? மிமியின் தாய் தந்தையர் அதே உற்சாகத்தோடு பேரனை ஏற்றிருப்பார்களா? பாட்டும் ஆட்டமுமாக அந்த நான்கு வருடங்களைக் கடக்க இயக்குநரால் முடிந்திருக்குமா? எழுதப்பட வேண்டிய கதை அதுதான். எழுதப்பட்டது அதற்குப் பக்கத்து வீட்டுக் கதை.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் நமது கிராமங்களில் இருக்கிறார்கள். சிலர் பாடசாலைக்கு வருகிறார்கள். சிலர் வீட்டின் பின்னறையோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களின் உம்மாமாரிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, “ஒங்கட குடும்பத்துல ஆருக்கும் இப்பிடி இரிந்திச்சா?” என்பதே. நிறமூர்த்தத்தில் ஏற்படும் மாற்றம் என்பது வேறு, குடும்பத்தில் பரம்பரையாக வருவது என்பது வேறு. டவுன் சிண்ட்ரோமில் மிகப் பெரும்பான்மையானவை குடும்பத்தில் தொடர்ந்து வருவன அல்ல. கலப்பிரிவில் ஒரு தடவை நேரும் பிழையே அது. இந்த வேறுபாடு தெரியாததனால் எத்தனை பெண்கள் மாமியார் வீட்டில் தலைகுனிந்து நிற்கிறார்கள் என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஒரு படம், ஒரு வசனத்திலாவது இதைச் சொல்லியிருக்கலாம். மாறாக, ‘நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றுமில்லை’ என்ற பெருமூச்சோடு பார்வையாளரை அனுப்பிவைக்கிறது. அந்தப் பெருமூச்சைக் கேட்கும் உம்மாமாரை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

பிள்ளையின் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். இராஜஸ்தானின் ஒரு சாதாரண வீட்டில் வெள்ளைக்காரப் பிள்ளை பிறக்கிறது. பானுதான் தகப்பன் என்று நம்பியிருக்கும் குடும்பத்தார் விழிக்கிறார்கள். படத்தின் மிகப் பெரிய சிரிப்பு இங்குதான். பரம்பரையலகு விஞ்ஞானத்தைப் படம் சரியாகக் கையாளும் ஒரேயிடமும் இதுவே. சுமந்தவளின் தோல் நிறம் பிள்ளைக்குக் கடத்தப்படாது என்பது உண்மைதான். ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் என்ன எஞ்சுகிறது? அந்த வெண்மை வெகுவிரைவில் குடும்பத்தின் பெருமையாகிவிடுகிறது. பெண் பார்க்கப் போகும் வீட்டில் முதலில் நிறத்தைக் கேட்கும் சமூகங்களில், வெள்ளைப் பிள்ளை கிடைப்பது நட்டமாகத் தோன்றாது என்பதைப் படம் நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. நிலைமை மறுதலையாக இருந்து, வெள்ளைக்காரியின் வயிற்றில் கறுத்த பிள்ளை பிறந்திருந்தால் அதே கொண்டாட்டம் இருந்திருக்குமா என்பது யோசிக்கத்தக்கது.

இதுவரை கூறியவற்றிலிருந்து, வித்துத்தான் எல்லாம், கருப்பை வெறும் பாத்திரம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். வாடகைத் தாய் முறையை நடத்தியவர்கள் பரப்பிய படிமம் அதுதான். வாடகை என்ற சொல்லே வீட்டையும் கடையையும் நினைவூட்டுவது. குடியிருந்தவர் வெளியேறினால் சுவரில் ஒன்றும் மிஞ்சாது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. உடல் அப்படி இயங்குவதில்லை. 1938இல் வோல்ற்றன், ஹமண்ட் என்ற ஆய்வாளர்கள் பெரிய ஷயர் இனக் குதிரையையும் சிறிய ஷெட்லண்ட் இனக் குதிரையையும் இரு வழிகளிலும் கலந்து பார்த்தார்கள். பெரிய தாயின் வயிற்றில் வளர்ந்த குட்டி பெரிதாகவும், சிறிய தாயின் வயிற்றில் வளர்ந்த குட்டி சிறிதாகவும் பிறந்தன. பரம்பரையலகு எழுதியதைத் தாயின் வயிறு அளந்து கொடுக்கிறது என்பதை அது காட்டிற்று. 1944-45 பஞ்சக் காலத்தில் நெதர்லாந்தில் கருவிலிருந்தவர்களை அறுபது வருடங்களின் பின் ஆராய்ந்தபோது, பரம்பரையலகின் எழுத்து மாறாமல், அது இயங்கும் விதத்தை நெறிப்படுத்தும் இரசாயன அடையாளங்களில் வேறுபாடு தெரிந்தது. அவ்வாய்வு 2008இல் வெளியானது. பிறந்த பிள்ளையை முதல் மாதங்களில் நோயிலிருந்து காப்பதும் சுமந்தவளிடமிருந்து சூல்வித்தகத்தினூடாகச் சென்ற பிறபொருளெதிரிகளே.

இன்னொன்று இவற்றையெல்லாம் விட வியப்பானது. கர்ப்ப காலத்தில் பிள்ளையின் கலங்கள் சிலவும் சுமப்பவளின் உடலுக்குள் செல்கின்றன. 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஆண் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் இரத்தத்தில் 27 ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஆண் நிறமூர்த்தமுள்ள கலங்கள் இருந்ததைக் கண்டது. இதை மிமிக்குப் பொருத்திப் பாருங்கள். அவள் பிள்ளைக்குத் தன் நிறமூர்த்தம் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. பிள்ளையோ தன் கலங்களை அவளுக்குள் விட்டுச் செல்லக்கூடும். ஒப்பந்தம் எழுதும் எந்தச் சட்டத்தரணியும் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கணக்கில் எடுப்பதில்லை. படமும் எடுக்கவில்லை. மிமியின் ஒன்பது மாதங்கள் மறைந்திருப்பதிலும் நகைச்சுவையிலும் கழிந்துவிடுகின்றன. அவளது உடல் என்ன உணர்கிறது என்பதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் மிகக் குறைவு.

நமது பேச்சுவழக்கு இதில் ஹிந்தி சினிமாவை விடக் கூர்மையானது. ‘இரத்த பாசம்’ என்கிறோம். விஞ்ஞானப்படி அது எந்தத் தாய்க்கும் பொருந்தாது. தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் கலப்பதில்லை. இடையே சூல்வித்தகம் நிற்கிறது. ‘தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ என்ற பழமொழி வித்தின் பக்கம் நிற்கிறது. ‘பெற்ற மனம் பித்து’ என்ற பழமொழியோ பெற்றலைச் சொல்கிறது, வித்தைச் சொல்லவில்லை. இரண்டு பழமொழிகளும் ஒரே தாயைப் பற்றியவை என்றுதான் ஆயிரம் ஆண்டுகளாக நம்பி வந்தோம். ஆய்வுகூடத்தில் கருக்கட்டும் முறை வந்த பிறகு இவை இரண்டு வேறு பெண்களைக் குறிக்கலாம் என்றாகிவிட்டது. மொழியோடு புழங்கும் எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய கதைக்கரு வேறென்ன வேண்டும்?

இச்சஞ்சிகையின் வாசகர்கள் கவனிக்கத்தக்க இன்னொரு விடயம் ஷமா என்ற பாத்திரம். சாயி தாம்ஹன்கர் நடித்திருக்கும் இவள் மிமியின் முஸ்லிம் தோழி. மிமி தன் கர்ப்பத்தை மறைக்க இவளது வீட்டில், முஸ்லிம் பெண் போல வேடமிட்டுத் தங்குகிறாள். புர்காவை ஒளிந்துகொள்ளும் துணியாகவும், முஸ்லிம் வீட்டைச் சிரிப்புக்கான களமாகவும் பயன்படுத்தும் பழைய ஹிந்தி சினிமா வழக்கம் இங்கும் தொடர்கிறது. இதில் மனம் கசக்கத்தான் செய்கிறது. ஆயினும் ஷமாவை அதனால் ஒதுக்கிவிட முடியாது. பிள்ளையோடு அவளுக்கு வித்துத் தொடர்பில்லை, வயிற்றுத் தொடர்பில்லை, ஒப்பந்தமும் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே நிற்கிறாள். படம் தன்னையறியாமல் எழுதிய மிகச் சிறந்த உறவு இதுவென்பேன்.

முடிவுக் காட்சியும் பேசப்பட வேண்டியது. மிமி பிள்ளையைக் கொடுத்துவிடச் சம்மதிக்கிறாள். அமெரிக்கர்கள் மனமிரங்கி வேண்டாமென்கிறார்கள். ஆக, ராஜ் மிமியிடம் தங்குவது அவளது உரிமையால் அல்ல, அவர்களது பெருந்தன்மையால். நான்கு வருடம் வளர்த்தவளின் தாய்மை, விட்டுச்சென்றவர்களின் அங்கீகாரத்துக்காகக் காத்து நிற்கிறது. தத்தெடுத்த பெண் பிள்ளையோடு அவர்கள் போகும்போது, தமது வித்துக்காக உலகைச் சுற்றியவர்கள் வித்துத் தொடர்பே இல்லாத பிள்ளையோடு வீடு திரும்புகிறார்கள் என்ற முரணாவது ஒரு கணம் நின்று பார்க்கப்பட்டிருக்கலாம். அவர்கள் அங்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை.

உண்மை வாழ்க்கை இத்தனை நேர்த்தியாக முடிவதில்லை. 2014இல் தாய்லாந்துப் பெண்ணொருத்தி அவுஸ்திரேலியத் தம்பதியருக்காகச் சுமந்த இரட்டையரில், பெண் பிள்ளை அவுஸ்திரேலியாவுக்குச் செல்ல, டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆண் பிள்ளை அவளிடமே தங்கியது. உலகமே அத்தம்பதியரைத் தூற்றியது. 2016இல் மேற்கு அவுஸ்திரேலியக் குடும்ப நீதிமன்றம், அவர்கள் பிள்ளையைக் கைவிட்டுச் செல்லவில்லை என்றும், சுமந்தவளே அவனைத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பினாள் என்றும் கண்டது. ‘மிமி’யின் கறுப்பு வெள்ளைக்குள் இத்தகைய சிக்கல் அடங்காது.

சட்டங்களும் ஒரே திசையில் பேசுவதில்லை. பிரித்தானியச் சட்டத்தில் முட்டை யாருடையதாக இருந்தாலும் சுமந்து பெற்றவளே தாய். நீதிமன்றக் கட்டளை மூலமே அந்நிலை பின்னர் மாறலாம். கலிபோர்னிய உச்ச நீதிமன்றமோ 1993இல், வித்தளித்தவளும் சுமந்தவளும் இருவருமே தாய்மைக்குச் சான்று காட்டக்கூடியவர்கள் என்று ஏற்று, பிள்ளையைப் பெற்று வளர்க்க முதலில் எண்ணம் கொண்டவள் யாரோ அவளே தாய் என்றது. இந்தியா 2015இல் வெளிநாட்டவருக்கு இம்முறையைத் தடுத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் பணத்துக்காகச் சுமப்பதை முற்றாகத் தடைசெய்தது. சுமப்பவள் திருமணமானவளாகவும் தனக்கென ஒரு பிள்ளையேனும் உள்ளவளாகவும் இருக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். மிமி இன்று அதற்குத் தகுதிபெறாள். பரம்பரையலகுக் குறைபாடு உட்பட எக்காரணத்துக்காகவும் பிள்ளையைக் கைவிடக்கூடாது என்றும் அது விதிக்கிறது. படம் பேசத் தயங்கியதைச் சட்டம் ஒரு பிரிவில் பேசிவிட்டது. ஆனால் அதே சட்டம், பிறக்கும் பிள்ளை அத்தம்பதியரின் உயிரியல் பிள்ளையாகவே கருதப்படும் என்கிறது. 2024 பெப்ரவரியில் செய்த விதித் திருத்தத்தின்படி, மருத்துவக் காரணமிருந்தால் ஒரு பாலணு வேறொருவருடையதாகவும் இருக்கலாம். அப்போதும் அது அவர்களது உயிரியல் பிள்ளையே. உயிரியல் என்பது இங்கு ஆய்வுகூடச் சொல்லாக நின்றுவிடாமல் பாராளுமன்றச் சொல்லாகிவிட்டது.

நமது மரபில் இந்த விவாதம் வேறு விதமாக நடந்தது. 1984இல் மக்காவில் கூடிய பிக்ஹ் சபை, ஒரே கணவனின் இரு மனைவியரில் ஒருத்தியின் கருவை மற்றவள் சுமப்பதை முதலில் அனுமதித்தது. யார் தாய் என்பதில் குழப்பம் வரும் என்பதனால் 1985இல் அதை மீளப்பெற்றது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச பிக்ஹ் அக்கடமியும் தடையையே உறுதிசெய்தது. பெற்றவளையே தாயெனக் குறிக்கும் சூரா அல்-முஜாதலாவின் இரண்டாம் வசனத்தை ஒரு சாரார் ஆதாரமாகக் கொண்டார்கள். முட்டைக்குரியவளே தாய் என்ற மறுசாரார், சுமந்தவளைப் பாலூட்டிய தாயின் நிலையில் வைத்து நோக்கினார்கள். தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. இலக்கியக்காரனுக்கு இதில் முக்கியமானது வேறொன்று. ஷாபிஈ மத்ஹபில் ஐந்து தடவை பாலூட்டியவள் தாயாகிறாள், அவளது பிள்ளைகளோடு திருமணம் ஹராமாகிறது, சொத்துரிமை மட்டும் ஏற்படுவதில்லை. வித்தும் இல்லாத, பெற்றலும் இல்லாத, ஆனால் உடலால் உண்டான ஒரு தாய்மைக்கு நமது வாழ்க்கையில் பெயரும் இடமும் எல்லையும் எப்போதோ தரப்பட்டுவிட்டன. ‘மிமி’யை எழுதியவர்களிடம் அப்படி ஒரு மூன்றாவது சொல் இருக்கவில்லை. அதனால்தான் யார் உண்மையான தாய் என்று இருவரில் ஒருவரைத் தெரிவு செய்யவும், தோற்றவருக்கு ஆறுதலாக ஒரு அநாதைப் பிள்ளையைக் கொண்டுவரவும் நேர்ந்தது.

‘மிமி’யைப் பாருங்கள் என்றே சொல்வேன். நடிப்புக்காகப் பார்க்கலாம், அந்த ஒரு தருணத்துக்காகப் பார்க்கலாம். ஆனால் மேலதிக நிறமூர்த்தம் உண்மையாகவே இருந்த அந்த மற்றப் பிள்ளையின் கதை இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. பால்குடித் தாயை அறிந்த ஒரு சமூகத்திலிருந்து, பின்னறையில் வளரும் பிள்ளைகளையும் அவர்களின் உம்மாமாரையும் நேரில் கண்ட ஒரு பேனாவிலிருந்து அது வருமானால், பிள்ளையைக் கடைசிப் பக்கத்தில் சுகப்படுத்திவிடாமல் எழுதப்படும் என்று எதிர்பார்க்கலாம்.